கிடங்கில் கிடக்கும் வருமானம்

2012 ஜனவரி 2, திங்கள்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்காருவதற்கு மன்னித்துக்கொள், நோட்டே. மணி பன்னிரண்டே முக்கால். மகள் ஓடிலுக்குக் கீழ்ப்பல் முளைக்கிறது. இப்போதுதான் தோளில் கிடந்தபடியே தூங்கினாள். என் கணவன் டேரன் பனி அள்ளும் வண்டியோடு நெடுஞ்சாலையில் எங்கேயோ இருக்கிறான். விடிந்த பிறகுதான் வீட்டுக்கு வருவான்.

கிறிஸ்துமஸுக்கு என் தங்கை மிரேய் இந்த நோட்டைக் கொடுத்தாள். முதல் பக்கத்தில் அவள் கையெழுத்து: "அக்கா, இதை நான் படிக்க மாட்டேன். சத்தியம். நீ எழுது." குழந்தை பிறந்து எட்டு மாதமாகக் கடைக்குப் போகிற பட்டியலைத் தவிர எதுவும் எழுதாத கை இது.

இன்று எழுத விஷயம் இருக்கிறது. கல்லூரி உதவிப் பணத்துக்கான அரசாங்கப் படிவம் நேற்றுத் திறந்துவிட்டது. மிரேய் வெர்மான்டில் இருக்கும் வின்ஸ்லேட் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஆற்றில் பனி எப்படி உறைகிறது, எப்படி உடைகிறது என்று படிக்க வேண்டுமாம். அம்மா இறந்த வருடத்திலிருந்து, அதாவது பதினோரு வயதிலிருந்து, எங்கள் ஆறு உடைகிற தேதியைச் சமையலறைச் சுவரில் குறித்துவைக்கிறவள் வேறு எதைப் படிப்பாள்? வருடத்துக்கு ஐம்பத்திரண்டாயிரம் டாலர். உதவி கிடைத்தால் போவாள். கிடைக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

பிப்ரவரி 1-க்குள் படிவம் போய்ச் சேர்ந்தால் முதல் வரிசை. அப்பாவின் வருமான வரிக் கணக்கோ பிப்ரவரி கடைசியில்தான் முடியும். விவசாயிகளுக்கு மார்ச் 1 வரை தவணை உண்டு. அவர் ஒரு நாள்கூட முந்த மாட்டார்.

2003-ல் எனக்கும் இதேதான் நடந்தது. கணக்கு முடியட்டும், முடியட்டும் என்று காத்திருந்தோம். அந்த வருடம் அப்பா ஏப்ரல் வரை இழுத்தார். மே மாதம் கடிதம் வந்தது: இடம் உண்டு, உதவிப் பணம் தீர்ந்துவிட்டது. வீட்டிலிருந்தே போய்வருகிற கல்லூரியில் சேர்ந்தேன். நல்ல ஆசிரியர்கள். பட்டம் வாங்கினேன். நகர அலுவலகத்தில் நாய் உரிமமும் மீன்பிடி உரிமமும் எழுதிக்கொடுக்கும் வேலையும் கிடைத்தது. குறை சொல்லவில்லை. குறைதான் சொல்கிறேனோ?

ஆனால் இன்று படிவத்தின் விளக்கக் குறிப்பை வரி விடாமல் படித்தேன். "வரிக் கணக்கு தாக்கல் செய்தாயிற்றா?" என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள். செய்தாயிற்று. செய்யப்போகிறோம். செய்யத் தேவையில்லை. நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன்பும் இருந்திருக்கும். இப்போதைக்கு மதிப்பிட்டு எழுதி அனுப்பலாம். கணக்கு முடிந்ததும் திருத்தலாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.



ஜனவரி 4

அப்பா மாட்டேன் என்றுவிட்டார்.

ஓடிலைத் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் ப்ளோய் சுட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மட்டும் வேகிற அடை, திருப்பியே போடக் கூடாது. அவர் குணமும் அப்படித்தான்.

"போன வருஷம் செலவு போக எவ்வளவு நின்னுச்சுன்னு ஒரு கணக்கு சொல்லுங்கப்பா. யூகமா சொன்னாப் போதும். பின்னாடி திருத்திக்கலாம்."

"திருத்தணும்னா அது பொய்."

"பொய் இல்ல. மதிப்பீடு."

"காலேஜு படிச்சா பொய்க்கு இப்படி ஒரு பேரா? கீழ கையெழுத்துப் போடணுமா?"

"போடணும்."

"யூகத்துக்கு அடியில நான் கையெழுத்துப் போட மாட்டேன் ஜோஸெட். மிஸஸ் லெவெக் கணக்க முடிக்கட்டும். அந்தம்மா எழுதுனா அது நெசம்."

"அதுக்குள்ள பணம் தீந்துடும்."

"நெசமா தேவைப்படறவங்களுக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சிருப்பாங்க."

2003-ல் எடுத்து வைத்திருந்தார்களா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் ஓடில் மாவுக் கிண்ணத்தில் முழங்கை வரை கையை விட்டுவிட்டாள். இரண்டு பேரும் தப்பித்தோம்.

ஜனவரி 7, சனி

மிரேய் ஜெயித்துவிட்டாள். என் நாலு நாள் கெஞ்சல் செய்யாததை அவள் நாலு நிமிடத்தில் செய்தாள்.

அப்பாவின் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து அவர் காபிக்குப் பக்கத்தில் வைத்தாள். சிப்ஸ் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம்.

"ஏப்ரல் ஆறாந்தேதின்னு போட்டிருக்கு. அன்னிக்கு நம்ம வயல்ல பனி எவ்வளவுப்பா?"

"முழங்கால் வரைக்கும்."

"விதைக் கெழங்கு?"

"இன்னும் வெட்டக்கூட இல்ல."

"ஆனா இருபதாயிரம் பீப்பாய் கெழங்கு தரேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இது பொய்யா, மதிப்பீடா?"

அப்பா ஒப்பந்தத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இவள வக்கீலுக்குப் படிக்க வையி. ஆத்தப் பத்திப் படிச்சு என்ன கிழிக்கப்போறா" என்றார்.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

ஜனவரி 8, ஞாயிறு

அனுப்பியாயிற்று. இரவு 9:40.

நான் கம்ப்யூட்டர் முன்னால். மிரேய் என் தோளுக்குப் பின்னால். ஓடில் அப்பாவின் மடியில், அவருடைய சட்டைப் பித்தானைத் தின்றுகொண்டு. வருமானம் என்ற கேள்வி வந்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். உருளைக்கிழங்குக் கிடங்குக்குள் மனதிலேயே நடந்தார். "மொத அறை... அது போயிடுச்சு. ரெண்டாவது பாதி. மூணாவது..." விரல் மேசையில் கோடு இழுத்தது. டீசல், உரம், ஆள் கூலி எல்லாவற்றையும் கழித்தார். காகிதமே இல்லாமல். கடைசியில் கண்ணைத் திறந்து, "அறுபத்தெட்டாயிரம். ஐநூறு முன்னப் பின்ன இருக்கும்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர், யூகத்தைக்கூட இவ்வளவு நேர்மையாகச் செய்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"இப்ப கையெழுத்து எங்க போடறது?"

"நாலு எண்ணுதான்பா கையெழுத்து. இமெயில்ல வந்திருக்கு. அத அடிச்சாப் போதும்."

"நாலு எண்ணா? அட, அப்ப அது நான் இல்ல. தப்பா இருந்தா கம்ப்யூட்டரப் புடிச்சு உள்ள போடட்டும்."

நாலு எண்ணையும் ஒற்றை விரலால், ஒவ்வொன்றாக, ஆணி அடிப்பதுபோல அடித்தார்.

ஜனவரி 9

பல் வெளியே வந்துவிட்டது. படிவம் போய்ச் சேர்ந்ததாகச் செய்தியும் வந்துவிட்டது. இரண்டும் ஒரே காலையில். டேரன் பல்லைப் பார்த்தான், நான் செய்தியைப் பார்த்தேன்.

ஜனவரி 13

பதிமூணாயிரத்து எண்ணூத்தி எழுபது.

உங்கள் குடும்பம் வருடத்துக்கு இவ்வளவு தர முடியும் என்று பதில் அறிக்கை வந்திருக்கிறது. தர முடியுமாம். யாரு? எங்கேர்ந்து? அப்பா போன வாரம் பூட்ஸ் வாங்கப் போயி வெலையக் கேட்டுட்டு, பழைய பூட்ஸுக்கு டேப் ஒட்டிக்கிட்டுத் திரும்பி வந்தாரு. அவரா பதிமூணாயிரம் தருவாரு?

நான்தானே அவசரப்படுத்தினேன். அப்பா சொன்ன மாதிரி மிஸஸ் லெவெக்கிடம் விட்டிருக்கலாம். இல்லை, விட்டிருந்தாலும் எண் இதேதானே? ஒன்றும் புரியவில்லை.

மிரேய் அறிக்கையை இரண்டு முறை படித்தாள். பிறகு, "பரவால்லக்கா. இங்க இருக்கற காலேஜும் நல்லாத்தான் இருக்கு. நீ படிக்கலையா?" என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

ஜனவரி 17

கல்லூரியின் உதவிப் பண அலுவலகத்துக்கு போன் செய்தேன். மூன்று நாள் தைரியம் சேர்த்து. மிஸ் ஹார்க்னஸ் என்று ஒரு பெண் எடுத்தார். ஓடில் என் இடுப்பில் இருந்து கத்தினாள். "ஒண்ணும் அவசரம் இல்லம்மா, மொதல்ல கொழந்தையப் பாருங்க, நான் இருக்கேன்" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

"மதிப்பீடு உங்களுக்கு வரிசையில எடம் புடிச்சுக் குடுத்துடுச்சு. அது போதும். கணக்கு தாக்கல் ஆனதும் திருத்தி அனுப்புங்க. மார்ச் அஞ்சுக்குள்ள வந்துட்டா நாங்க புது எண்ணத்தான் பார்ப்போம்."

"எண்ணு மாறலேன்னா?"

"விவசாயக் குடும்பம்னு சொன்னீங்க இல்ல? பொறுத்துப் பாருங்க. எங்க அனுபவத்துல மாறும்."

ஏன் மாறும் என்று கேட்க மறந்துவிட்டேன். வரிசையில் இடம் இருக்கிறது. இருக்கிறது. இன்று இரண்டு முறை சிரித்தேன், எதற்கென்று தெரியாமல்.

பிப்ரவரி 9, வியாழன்

தூக்கம் வரப்போவதில்லை, எழுதிவிடுகிறேன்.

மதியம் அப்பாவுக்குக் கோழி ஸ்டூ எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. உள்ளே உருளைக்கிழங்கு உறையாத அளவுக்கு மட்டும் சூடு, ஒற்றை விளக்கு, மண் வாசனை. கதவை உடனே சாத்தாவிட்டால் திட்டு விழும். சாத்தினேன். மூன்றாவது அறை கூரை வரைக்கும் நிறைந்திருந்தது. ஓடில் அந்தக் குவியலை அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்தாள்.

"பாத்தியாடி குட்டி," என்று அப்பா பலகைத் தடுப்பைத் தட்டினார். "போன வருஷத்து வருமானம் பூரா இங்கதான் கெடக்கு."

ஸ்டூப் பாத்திரத்தை இறக்கி வைத்தேன்.

"அப்பா. இத இன்னும் விக்கலையே."

"மார்ச்சுல லாரி வரும்."

"காசு?"

"லாரி வந்தாத்தான காசு."

"அப்ப அன்னிக்கு அறுபத்தெட்டாயிரம்னு சொன்னீங்களே, அதுல இதயும் சேத்தா சொன்னீங்க?"

என்னை ஓடிலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சேக்காம? வெளைஞ்சது போன வருஷந்தான?"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அப்பா ஸ்டூவில் ஏதாவது கலந்துவிட்டேனா என்று முகர்ந்து பார்த்தார்.

அவருக்கு வருடம் ஜனவரியில் தொடங்குவதில்லை. விதை வெட்டுகிற நாளில் தொடங்கி, கிடங்கு காலியாகிற நாளில் முடிகிறது. எனக்கும் அப்படித்தான், மிரேய்க்கும்தான். கம்ப்யூட்டர் முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம், ஒருத்தி பட்டம் வாங்கியவள், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. படிவம் கேட்டது டிசம்பர் 31-க்குள் கைக்கு வந்த காசை. நாங்கள் எழுதியது இன்னும் இருட்டில் கிடக்கிற கிழங்கை. போன வருடத் தொடக்கத்தில் விற்றதோ அதற்கு முந்தின வருடத்துப் பயிர். மழையில் பாதி அழுகிப்போன பயிர். உண்மையான எண் எவ்வளவு சின்னதாக இருக்கும்?

இவ்வளவு குறைவான வருமானத்துக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண் இந்தப் பள்ளத்தாக்கிலேயே நானாகத்தான் இருப்பேன்.

பிப்ரவரி 10

மிஸஸ் லெவெக்குக்கு போன் செய்து கேட்டேன். அவர் அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது.

"ஃபெர்னான் பொண்ணுதான நீ? முப்பது வருஷமா உங்கப்பா ரசீதுப் பெட்டியக் குடுப்பாரு, கையெழுத்துப் போடுவாரு, நடுவுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளு படிச்சதில்ல. வித்துக் கைக்கு வந்தாத்தாம்மா வருமானம். கெடங்குல இருக்கற வரைக்கும் அது வெறும் கெழங்கு."

மார்ச் 5-க்குள் திருத்த வேண்டும் என்றேன். பெட்டி எப்போது வரும் என்று கேட்டார். "வழக்கம்போலன்னா பிப்ரவரி இருபத்தெட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு, நான் கோட்டு போட்டப்புறம் வருவாரு" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

அப்பாவிடம் ஒரே ஒரு முறை சொன்னேன். சீக்கிரம் கொடுத்தால் நல்லது என்று. "ம்" என்றார்.

பிப்ரவரி 13

மிஸஸ் லெவெக்கிடமிருந்து போன். காலை ஏழு மணிக்கு அலுவலகம் திறக்க வந்தாராம். வாசலில் எஞ்சின் ஓடியபடி அப்பாவின் டிரக். அவர் மடியில் ரசீதுப் பெட்டி.

பிப்ரவரி 24

முப்பத்தோராயிரத்து இருநூற்று நாற்பது. தாக்கல் ஆகிவிட்டது. இன்றிரவே படிவத்தைத் திருத்தினேன். அப்பா வந்து நாலு எண்ணை அடித்தார். "இப்ப இது நான்தான்" என்றார்.

பிப்ரவரி 28

2,100.

பதிமூன்றாயிரம் இருந்த இடத்தில் இரண்டாயிரத்து நூறு. டேரனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிச் சொன்னேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். ஒரு நிமிடம் கழித்து எழுந்து உட்கார்ந்து, "என்னது?" என்றான்.

மார்ச் 23, வெள்ளி

தடித்த உறை. தபால்காரரே ஹாரன் அடித்தார்.

இடம் கிடைத்துவிட்டது. கூடவே உதவிக் கடிதம்: திருப்பித் தரத் தேவையில்லாத பணம் 44,400. நூலகத்தில் வேலை, அதில் 2,000. சின்னக் கடன் 3,500. நாங்கள் தர வேண்டியது 2,100. நான் மூன்று முறை கூட்டினேன், ஐம்பத்திரண்டாயிரம் சரியாக வருகிறது. மிரேய் கூட்டவில்லை. தாளை முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள்.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடினார், அது தலையிலேயே இருந்தது. முழுதும் படித்துவிட்டு, "அங்க சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு எங்கேர்ந்து வாங்கறாங்களாம்?" என்று கேட்டார். பிறகு டிரக்கைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார். டிரக்குக்கு ஒன்றுமில்லை.

மார்ச் 30

மிரேய் பதில் அட்டையை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். மே 1 கடைசி நாள். ஒரு வாரமாக அங்கேயே இருக்கிறது. கையெழுத்து இல்லாமல்.

இன்று ஆற்றங்கரைக்குக் கூடவே போனேன். பனியில் விரிசல் ஓடுகிற சத்தம் கரை வரை கேட்டது. இன்னும் உடையவில்லை. ஓடிலின் குல்லாவைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்:

"நான் போகலேன்னா உனக்குக் கோவம் வருமாக்கா?"

"வரும்."

"எனக்காகவா? இல்ல, நீ போகாததுக்காகவா?"

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. ஜனவரியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறேனே, யாருக்காக? நடுக்கட்டத்தைக் கண்டுபிடித்த அன்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவள் முகமா, 2003-ல் வந்த கடிதமா?

"இனிமே நான் வாயே திறக்கல. நீயே முடிவு பண்ணு" என்றேன். திறக்காமல் இருக்கிறேன்.

ஏப்ரல் 1, ஞாயிறு

நேற்று ராத்திரி ஆறு உடைந்தது. அப்பா வீட்டுச் சுவரில் மிரேய் தேதி எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார்.

"அந்த அட்டை என்ன, அங்கேயே குடித்தனம் நடத்துது?"

"விதை வெட்ட ஆள் வேணும்ல உங்களுக்கு. வலிக்கற தோள்பட்டைய வெச்சுக்கிட்டு நீங்க எப்படி..."

"விதை வெட்டறது மே மாசம். காலேஜு செப்டம்பர்ல. வெட்டிட்டுத்தான் போகப்போற, தப்பிச்சுக்கலாம்னு பாக்காத."

"அறுவடைக்கு?"

"அக்கா இருக்கா. டேரனுக்கு அப்பப் பனி வேல கெடையாது, சும்மாத்தான் இருப்பான். ஓடிலுக்குக் கல்லு பொறுக்கச் சொல்லிக் குடுக்கறேன்." அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். "நாலு எண்ணு இல்லையே இது? நெசக் கையெழுத்துதான? எனக்காகப் போடாத. ஒனக்கு அந்தப் பனி மேல ஆசன்னா போடு."

மிரேய் சுவரைப் பார்த்தாள். ஏழு வருடத் தேதிகள். தேதி எழுதிய அதே பென்சிலால் கையெழுத்துப் போட்டாள்.

"பேனாவுல போடுடி," என்றேன். வாயைத் திறந்துவிட்டேன், சரி. "பென்சில்ல போட்டா மதிப்பீடுன்னு நெனச்சுக்குவாங்க."

அப்பா சிரித்து நான் கேட்டது எத்தனை நாளுக்குப் பிறகு என்று தெரியவில்லை.

செப்டம்பர் 29, சனி

மிரேய், இந்தப் பக்கத்தைக் கிழித்து உனக்குத் தபாலில் அனுப்புகிறேன். நோட்டைப் படிக்க மாட்டேன் என்ற உன் சத்தியம் உடையாது.

மணி பதினொன்று. உடம்பெல்லாம் மண். அறுவடை பாதி முடிந்தது. பள்ளிக்கூடங்களுக்கு அறுவடை விடுமுறை விட்டாயிற்று, வயல் முழுக்கப் பிள்ளைகள். டேரன் டிரக் ஓட்டுகிறான், நான் அறுவடை எந்திரத்தின் ஓடும் பட்டை ஓரம் நின்று கிழங்கோடு வருகிற கல்லைப் பொறுக்குகிறேன். உன் இடத்தில். ஓடில் வயலோரம் நடக்கிறாள், விழுகிறாள், ஒரு கிழங்கை யாருக்கும் தர மாட்டேன் என்கிறாள். நேற்று நீ போனில் அந்த ஆய்வகக் குளிர் அறையைப் பற்றிச் சொன்னதை அப்பா லாரிக்காரரிடம் இரண்டு முறை சொன்னார். "நம்ம கெடங்கு மாதிரிதான், ஆனா கெழங்குக்குப் பதிலா ஆறு வெச்சிருக்காங்க" என்று.

இன்று கிடங்கிலிருந்து இந்த அறுவடையின் முதல் லாரி கிளம்பியது. சாயங்காலம் அப்பா இங்கே வந்து, சாக்கில் கட்டுகிற ஒரு அட்டைத் துண்டை என் முன்னால் வைத்தார். நடுவில் கோடு. இடது பக்கம் "வித்தது." வலது பக்கம் "கெடக்கறது." ஜனவரியிலிருந்து இன்று வரைக்கும், லாரி லாரியாக. எப்போதிலிருந்து எழுதிவைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடத்துப் படிவத்தை ஜனவரி ஒன்றாம் தேதியே அனுப்பிவிட வேண்டுமாம். இரண்டாம் தேதி வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று என்னைக் கேட்கிறார்.

உன்னுடைய நூலகச் சம்பளம் டிசம்பர் கடைசி வரைக்கும் எவ்வளவு வரும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவளுக்கே இப்போது தெரியாதே அப்பா என்றேன்.

"யூகிச்சு எழுதச் சொல்லு. பின்னாடி திருத்திக்கலாம்."

சீக்கிரம் பதில் எழுது.